பனித்தட்டை எந்தப் பக்கம் மாட்டுவது

இப்போதெல்லாம் மனிதர்கள் ஒரு மாப்பிள்ளையைப் பற்றிக்கூட ஒழுங்காகப் புறம் பேச மாட்டேன் என்கிறார்கள். முன்பு பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை ஊருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய், தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தால் போதும். பையனின் தாத்தா யாரோடு வரப்புச் சண்டை போட்டார், அத்தை ஏன் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தாள், பையன் எந்தச் சந்தில் நின்று குடிப்பான், எல்லாம் டீ ஆறுவதற்குள் வந்து விழும். இப்போது கேட்டால் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் "நல்ல பேமிலி அங்கிள்" என்கிறார்கள். கொலைகாரனைப் பற்றிக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள் போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்டிவனத்தில் அந்தப் பதிலைத்தான் மூன்று பேரிடம் வாங்கினேன். விழுப்புரத்தில் பஸ் ஏறும்போது வீட்டில் மனைவி காந்திமதியிடம் மண்டிக்காரர் வீட்டுத் துக்கத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். நிஜத்தைச் சொன்னால் "எல்லாத்தையும் சந்தேகப்படுவ" என்று ஆரம்பித்துவிடுவாள். சந்தேகப்படாமல் எப்படி இருப்பது? எங்கள் பெண் அருணா விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வந்த வரன்களை எல்லாம் தட்டிக் கழித்தாள். ஒருத்தனுக்கு மீசை சரியில்லை, ஒருத்தன் போட்டோவில் மாட்டின்மேல் சாய்ந்து நின்றான், இன்னொருத்தன் பேரே பிடிக்கவில்லை. இந்தத் திண்டிவனத்துப் பையன் தென்னரசு போட்டோவைத் தரகர் கொண்டுவந்து காட்டியதும் ஒரே பார்வையில் "சரிப்பா" என்றாள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்குள் பையனிடம் ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

நாலாவதாகக் கேட்ட டீக்கடைக்காரரை விடவில்லை. "தம்பி, உன் பொண்ணா இருந்தா குடுப்பியா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். "பையன் தங்கம்ங்க. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. தொழிற்பேட்டையில டிராயிங் போடுற வேலை. ஆனா..." என்று குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழம ஆனா மாடியில கும்பல் சேருது. வெளியூர்லேர்ந்தெல்லாம் வர்றானுங்க. மூஞ்சில மாஸ்க் போட்டுக்கினு, பிளேடும் கையுமா உக்காந்துக்கினு இருக்கானுங்க. தின்னர் நாத்தம் இங்க வரைக்கும் வரும். அப்புறம் ஒரே கூச்சல். நமக்கு எதுக்குங்க."

விழுப்புரம் ரயில்வே பாலத்துக்கு அடியில் தின்னரைத் துணியில் நனைத்து முகர்ந்துகொண்டு கிடக்கும் பையன்களைப் பார்த்தவன் நான். டிராயிங் வேலையாம், தங்கமாம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பையன் வீட்டுக் கேட்டில் பின்பக்க வீடு வாடகைக்கு என்று ஒரு அட்டை தொங்கியது. அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டேன். மாடிப்படி ஏறும்போதே நாற்றம் மூக்கில் ஏறியது. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர். நான் நினைத்த மாதிரி பொடிப்பையன்கள் இல்லை. ஒருத்தருக்குத் தலை பாதி நரைத்திருந்தது. நீளமான மேசையைச் சுற்றி நின்றுகொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். கையில் பிளேடு இருந்தது, மாஸ்க் தாடையில் தொங்கியது. நடுவில் நின்ற சிவப்புச் சட்டைக்காரன்தான் போட்டோவில் பார்த்த முகம் என்று அடையாளம் தெரிந்தது.

"வீடு பாக்க வந்தேன்" என்றேன்.

நரைத்த தலைக்காரர் திரும்பினார். "பின்பக்க வீடுங்களா? அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க. உக்காருங்க ஐயா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் பெயர் ஆனந்தராஜ், விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே வேலை என்று பேச்சில் தெரிந்தது. உட்காரச் சொன்ன அடுத்த நொடியே என்னை மறந்துவிட்டு மறுபடி கத்தப் போய்விட்டார்.

மேசைமேல் ஒரு கப்பல் இருந்தது. கடல் கப்பல் இல்லை. ஒரு முழ நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில், ஒரு பக்கம் குழாய் குழாயாக, ஒரு பக்கம் மொட்டையாக. பக்கத்தில் பிளாஸ்டிக் சட்டங்களில் நெல்மணி அளவுக்குச் சின்னச் சின்னப் பாகங்கள் காய்த்துத் தொங்கின. ஒருத்தன் அதில் ஒன்றைப் பிளேடால் நறுக்கி, இடுக்கியால் எடுத்து, மூச்சுக்கூட விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தான். தின்னர் பெயிண்டுக்குத்தான். யாரும் எதையும் முகரவில்லை.

இது என்னது என்று பக்கத்தில் இருந்த பையனைக் கேட்டேன். கோட்டக்குப்பத்துப் பையன், முகம்மது ஆசிப். துபாயில் இருக்கும் அவன் மாமாதான் இந்தப் பாகங்கள் அடங்கிய பெட்டியை வாங்கி வந்தாராம்.

"இது கல்மோரா, ஐயா. ஒரு சீரியல்ல வர்ற ஸ்பேஸ்ஷிப். பூமியிலேர்ந்து வேற நட்சத்திரத்துக்குப் போவும். அத நாங்க சின்ன அளவுல செய்றோம்."

"அப்பிடி ஒரு கப்பல் எங்க இருக்குது?"

"எங்கியும் இல்ல. கதை."

"புதுசா செய்யறதுக்கு எதுக்கு அழுக்கு மாதிரி பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கீங்க?"

"நாப்பது வருஷம் போன கப்பலு புதுசாவா இருக்கும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

இல்லாத கப்பலுக்கு நாற்பது வருஷ அழுக்கு. எனக்குக் கோபம் வந்தது. மடக்கிவிட வேண்டும் என்று, "அத்தினி பேரு அத்தினி வருஷம் போறாங்கன்ற. கக்கூசு எங்க?" என்றேன்.

ஆசிப் தலையைக்கூடத் தூக்கவில்லை. "மூணாவது தளம், தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல. அதுலயே எங்களுக்குள்ள ரெண்டு கட்சி ஐயா. அந்தத் தண்ணியச் சுத்தம் பண்ணித் திரும்பக் குடிக்கிறாங்களா இல்லியான்னு. நான் குடிக்கிறாங்கன்ற கட்சி."

சம்பாதிக்கிற ஆள்கள், இதற்குக் கட்சி வேறு வைத்திருக்கிறார்கள்.

அன்றைய சண்டை கக்கூஸைப் பற்றி இல்லை. ஒரு தட்டைப் பற்றி. டீ சாசர் அளவுக்கு வட்டமாக, கண்ணாடி மாதிரி, உள்ளே வெளிர்நீலம் பூசியது. அதைப் பனித்தட்டு என்றார்கள். கப்பல் போகிற வேகத்தில் ஒரு தூசு பட்டால்கூடக் குண்டு பட்ட மாதிரி ஆகிவிடுமாம். அந்த அடியைத் தாங்குவதற்கு முன்னால் ஒரு பெரிய பனிக்கட்டிக் கேடயம். கம்பெனிக்காரன் கொடுத்த படத்தில் அது மூக்கில்தான் இருக்கிறது. தென்னரசு அதைப் பின்னால், எஞ்சின் பக்கம் மாட்ட வேண்டும் என்கிறான்.

"பாதி வழி வரைக்கும் எஞ்சின் பின்னாடி இருந்து தள்ளுது, சரி" என்றான் தென்னரசு. "பாதி தாண்டினதும் பிரேக் போடணும்ல? ஸ்பேஸ்ல ஏது பிரேக்? கப்பல அப்பிடியே திருப்பி, எஞ்சின முன்னாடி வச்சு எரிச்சாத்தான் வேகம் கொறையும். அப்ப எது முன்னாடி போவுது? எஞ்சின். உங்க தட்டு எங்க கெடக்குது? பின்னாடி. வால்ல கேடயத்தக் கட்டிக்கினு எவனாவது சண்டைக்குப் போவானா?"

"கழட்டி மாட்டுவாங்கடா!" ஆனந்தராஜ் மேசையைத் தட்டினார். "எங்க ஜங்ஷன்ல எஞ்சினக் கழட்டி அந்தாண்ட கொண்டுபோய் மாட்றோம்ல, அந்த மாதிரி."

"ஜங்ஷன்ல டீ குடிச்சிக்கினு மாட்டுவீங்க. நட்டநடு வானத்துல எவன் மாட்டுவான்? மூக்குல அடிபட்டா சரக்குதான் போவும். எஞ்சின்ல அடிபட்டா நிறுத்தவே முடியாது. அத்தினி பேரும் போய்க்கினே இருக்க வேண்டியதுதான். அதான் நான் பின்னாடி மாட்டப் போறேன். நெருப்பு வெளிய போறதுக்கு நடுவுல ஓட்டையும் போட்டுட்டேன்."

அந்தத் தட்டைத் தூக்கிக் காட்டினான். நடுவில் உளுந்து வடை மாதிரி ஓட்டை.

ஆனந்தராஜ் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "ஓட்டை போட்டுட்டியா?" என்றார். "இந்தப் பெட்டி இப்ப எங்கியும் வர்றதில்லடா. கம்பெனிக்காரனே நிறுத்திட்டான்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ரயில்வேயில் வேலை பார்க்கிற மனிதர், பேரன் எடுக்கிற வயசு, பிளாஸ்டிக் தட்டுக்காகக் கண்ணைத் துடைக்கிறார். நான் அவரையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். இந்த வீட்டில் நான் பெண் கொடுக்கவா? குறை கிடைத்துவிட்டது. இதற்குமேல் உட்கார வேண்டியதில்லை என்று எழுந்தேன்.

"அட்மிரலுக்குப் போன் போடு ஆசிப்பு" என்றார் ஆனந்தராஜ். "அந்தத் தட்டுக்கு மாசக்கணக்கா உக்காந்து பெயிண்ட் அடிச்சுப் பஸ் பார்சல்ல அனுப்புனவங்க அவங்கதான். அவங்களே கேக்கட்டும் இவன."

ஆசிப் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். மணி அடித்தது. எடுத்த குரல் என் பெண்ணுடையது.

என் காதையே நான் நம்பவில்லை. கால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. வீட்டில் அருணா என்னிடம் பேசுகிற வார்த்தை இரண்டே இரண்டுதான். சரிப்பா, இல்லப்பா. ராத்திரியில் அவள் அறையிலிருந்து வரும் நெடி நகப்பூச்சு என்று காந்திமதி சொல்லி, நானும் பொம்பளைப் பிள்ளை சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன். அந்தப் பெண் இங்கே கர்ஜித்தாள்.

"என்னாது, எஞ்சின் வாயில ஐஸா? மண்டையில என்னா வச்சிருக்க? பத்த வச்ச ஒரு நிமிஷத்துல தண்ணியாப் பூடும். அப்புறம் குடை புடிச்சிக்கினு போவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். தென்னரசு மட்டும் சிரிக்கவில்லை. "அதுக்குத்தான் நடுவுல ஓட்டை போட்டேன் அருணா. நெருப்பு அது வழியாப் பூடும்."

"ஓட்டையா? எதுல?"

"தட்டுலதான்."

போனில் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள். "நான் பெயிண்ட் பண்ணதுலயா?"

"ஆமா."

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா நீ வேணான்னுதான் சொல்லியிருப்ப."

"அப்ப ஒண்ணு பண்ணு. வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வர வேணாம்."

சுற்றி நின்றவர்கள் விளையாட்டு என்று நினைத்து ஊ என்று கத்தினார்கள். தென்னரசுக்கு முகம் சிவந்தது. "ஒரு தட்டுக்காகச் சொல்றியா? சரி. வரல" என்றான்.

"நெஜமாவா?" என்றாள் அருணா. அந்த ஒரு வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. போன் நின்றுபோனது.

ஊ என்று கத்தியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நான் நியாயமாகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வழி தேடி வந்தவனுக்கு அவர்களே வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் விழுந்து கை முறித்துக்கொண்டு வந்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. இந்தப் பையன் யார், எத்தனை நாளாக, தரகர் எப்படி வந்தார் என்று ஆயிரம் கேள்வி எழுந்தது. ஒன்றையும் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் தட்டுதானே என்றுதான் எனக்குத் தோன்றியது.

மல்லாட்டை மண்டியில் நான் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரியாக இருந்தவன். இரண்டு கோஷ்டி ஒரு லாரிக்குச் சண்டை போட்டால், உனக்குப் பாதி அவனுக்குப் பாதி என்று நடுவில் கோடு போட்டு முடித்துவிடுவேன். அதை மீறி ஒருத்தன் பேச மாட்டான். மேசையில் உடனே ஒட்டுகிற பசை டியூப் திறந்தே கிடந்தது. தென்னரசு கையிலிருந்து தட்டைப் பிடுங்கினேன். விளிம்பு முழுக்கப் பசையைப் பிழிந்தேன்.

"ஐயா, ஐயா, என்ன பண்றீங்க?" என்று ஆசிப் பாய்ந்தான்.

"முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம்" என்றேன். கப்பலின் முதுகில், சரியாக நடுவில், தட்டை வைத்து அழுத்தினேன். "தீந்துச்சு பஞ்சாயத்து."

கையை எடுத்தபோது அது ஒட்டிவிட்டிருந்தது. கப்பல் முதுகில் குடை விரித்த மாதிரி நின்றது. ஆனந்தராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒருத்தன் கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது. தென்னரசு என்னையே பார்த்தான்.

"யாருங்க நீங்க?" என்றான்.

"அருணாவோட அப்பன்."

யாரோ நாற்காலியை மெதுவாகப் பின்னால் நகர்த்துகிற சத்தம் கேட்டது. நான் பட்ட அதிர்ச்சியை அவர்களும் கொஞ்சம் படட்டும் என்று நின்றேன். அதற்குள் போன் மறுபடி அடித்தது. அருணாதான். தென்னரசு எடுத்தான்.

"அருணா, உங்க அப்பா இங்க இருக்காரு."

"எங்க?"

"இங்கதான். என் எதிர்ல. எல்லாத்தையும் கேட்டுட்டாரு. தட்டை எடுத்து நடுவுல ஒட்டிட்டாரு."

பெண் என்ன கேட்பாள் என்று நினைத்தேன்? அப்பா எப்படி வந்தார், கோபமாக இருக்கிறாரா, என்ன சொன்னார். பெற்ற பெண் அதைத்தானே கேட்க வேண்டும்? அவள் கேட்டது, "என்னா பசை?"

"உடனே ஒட்டுறது."

"ஐயோ! ஆவி அடிச்சுக் கண்ணாடி பூரா வெள்ளை பூத்துடும்! உடனே ஃப்ரீசர்ல வை. குளிர்ல பசை மொடமொடன்னு ஆயிடும், அப்புறம் லேசாத் திருப்பு, வந்துடும். தின்னர் கின்னர் ஊத்தாத, பிளாஸ்டிக்கு உருகிப் பூடும்!"

"தெரியும், தெரியும். கதவத் தொறங்கடா!"

இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவள் இப்படிப் பிடி என்றாள், அவன் பிடித்துட்டேன் என்றான். வாலைத் தாங்கிக்கோ என்றாள், ஆசிப் தாங்கினான். கொஞ்சம் முன்னால் வர வேண்டாம், வரல என்று பேசிய வாய்கள்தான் இவை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கப்பலைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் படியிறங்கி ஓடினார்கள். நானும் பின்னால் இறங்கினேன்.

கீழே அப்போதுதான் தென்னரசுவின் அம்மா அம்மணி கோயிலிலிருந்து வந்திருந்தார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்து மீன் பொட்டலத்தை வெளியே எடுத்துப் போடும் மகனைப் பார்த்துக் கத்தினார்கள். "டேய், மரக்காணத்து வஞ்சிரம்டா அது! கப்பலுக்கு எடம் வேணும்னு மீனத் தூக்கி வெளிய போடுவியா?"

"அம்மா, கொஞ்ச நேரம்மா."

"ஆம்பளையா லட்சணமா ஒரு கிரிக்கெட் ஆடுவானா..." என்று திரும்பியவர்கள் என்னைப் பார்த்தார்கள். "இவரு யாரு? வீடு பாக்க வந்தவரா?"

"பொண்ணோட அப்பா" என்றான் தென்னரசு, ஃப்ரீசருக்குள் தலையை விட்டபடி.

அந்த அம்மாவுக்குக் கையிலிருந்த அர்ச்சனைத் தட்டு சாய்ந்தது. தேங்காய் மூடி உருண்டு என் காலடிக்கு வந்தது. "அய்யய்யோ, சம்பந்தி! வாங்க, வாங்க. சொல்லியிருந்தா... உக்காருங்க. மீன் நாத்தம் வேற. காபி சாப்பிடுவீங்களா?" கூந்தலை முடிந்துகொண்டு, தேங்காய் மூடியைப் பொறுக்கிக்கொண்டு, பிள்ளையை முறைத்துக்கொண்டு, எல்லாம் ஒரே நேரத்தில். எனக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த வீட்டில் புத்தியோடு இருந்தது அவர்கள் ஒருத்தர்தான்.

காபி வரும்வரை தென்னரசு போனை என்னிடம் நீட்டினான். "அருணா பேசணும்ன்றா."

"அப்பா" என்றாள். பழைய குரல். "கோவமாப்பா?"

"எத்தினி நாளா?"

"நாலு வருஷமாப்பா. இந்தக் குரூப்புலதான் பழக்கம்."

"தரகரு?"

"போட்டோவ நாங்கதான் அவருகிட்ட குடுத்தோம். நீங்க பாத்து முடிச்ச மாதிரி இருக்கட்டும்னு."

நான் விசாரிக்க வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு வருஷம் முன்பே முடிந்துபோன சமாச்சாரத்தை விசாரிக்க டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். தட்டிக் கழித்த அந்த வரன்களின் மீசையும் மாடும் எல்லாம் பொய். காபி வந்தது. கையில் வாங்கினேன், குடிக்கத் தோன்றவில்லை.

"இவன் வேணாம்னு நான் சொன்னா?" என்று கேட்டேன்.

"கேக்காம ஓட்டை போட்டுட்டான்பா. அதான் எனக்குக் கோவம். அதத் தவிர அவன்கிட்ட ஒரு கொறையும் இல்ல" என்றாள்.

தென்னரசு பக்கத்தில்தான் நின்றான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. கூடத்தில் எல்லோரும் நின்றிருக்க, அவன் அம்மாவும் நிற்க, போனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். "கேட்டிருக்கணும் அருணா. தப்பு என்மேலதான்."

எனக்குத் திக்கென்றது. நான் காந்திமதியிடம் தப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அடுத்தவர் எதிரில் என்றால் நாக்கையே அறுத்துக்கொள்வேன். இவன் அத்தனை பேருக்கு நடுவில், தண்ணீர் கேட்பதுபோலச் சொல்கிறான். நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. கொஞ்சம் முன்னால் வரல என்று முறுக்கிக்கொண்டு நின்றவன். இத்தனை சீக்கிரம் இறங்கி வருகிறவனை எப்படி நம்புவது? போனில் அருணா மூக்கை உறிஞ்சுகிற சத்தமும், அதற்குப் பின்னால் லேசாகச் சிரிப்பும் கேட்டது.

ஃப்ரீசரிலிருந்து கப்பலை எடுத்தார்கள். மேலெல்லாம் பனி பூத்து, மீன் வாடை அடித்தது. தென்னரசு தட்டின் விளிம்பைப் பிடித்து மெதுவாகத் திருப்பினான். டக் என்று கழன்று வந்தது. ஆனால் தட்டில் விளிம்பைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டிருந்தது. கப்பல் முதுகிலும் பசை வட்டமாகத் தழும்பு. ஆசிப் என்னிடமிருந்து போனை வாங்கி, வீடியோவுக்கு மாற்றி அதை அருணாவுக்குக் காட்டினான்.

"போனாப் போவுது. வேற தட்டு நாமளே செய்யலாம்" என்றாள். "ரெண்டு பேருமா."

"செய்யலாம். உன்னக் கேக்காம இனிமே கை வைக்க மாட்டேன்" என்றான் தென்னரசு. "ஆனா ஓட்டை வேணும்."

"வேணாம்."

"நெருப்பு எதுல போவும்?"

"அத முன்னாடி மாட்டினா நெருப்பு எதுக்கு அதுல போவுது?"

"ஆரமிச்சுட்டாங்கப்பா" என்றார் ஆனந்தராஜ். ஆனால் அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சீக்கிரமே ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். கழட்டி மாட்டும்படி காந்தம் வைக்கலாம் என்றான் ஆசிப். இரண்டு கட்சியும் சேர்ந்து அவனைத் திட்டியது.

அம்மணி அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்கள். "இவங்க இப்பிடித்தாங்க. வேற கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்ல" என்றார்கள். பிறகு பயந்துகொண்டே, "வெள்ளிக்கெழம நாங்க வரலாங்களா?"

நான் போனைப் பார்த்தேன். சின்னக் கண்ணாடிக்குள் என் பெண் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷமாக என் வீட்டில் இருக்கிறாள், இவள் இப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இருப்பதையே அவள் மறந்திருந்தாள்.

"வாங்க" என்றேன். "அந்தக் கப்பல எடுத்துக்கினு வராதீங்க."

தென்னரசு கேட் வரைக்கும் ஓடி வந்தான். கையில் இன்னும் மீன் வாடை. "ஐயா, ஒண்ணு கேக்கலாமா? எங்க மேல நம்பிக்க வந்துச்சா?"

"உங்க கப்பல் மேல வரல."

"அத விடுங்க. என் மேல?"

"உன் மேலயும் வரல. பொண்ணுக்குப் புடிச்சிருக்குது, அதனால சரின்னேன்."

அவன் அதற்குச் சிரித்தான். திட்டினால் சிரிக்கிறான், இது என்ன பழக்கமோ. உள்ளேயிருந்து அருணாவின் குரல் ஸ்பீக்கரில் தெருவரைக்கும் கேட்டது. ஐஸ் எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் "வர்றேங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினான்.

யாரும் போகாத இடம், எங்குமே இல்லாத கப்பல், அதற்கு முன்பக்கமாம், பின்பக்கமாம். இந்தச் சண்டையிலா ஒரு குடித்தனம் நிற்கப் போகிறது? எனக்கு ஒத்து வரவில்லை. யாராவது கூப்பிட்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடப் போகிறார்கள் என்று, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேகமாக நடந்தேன்.